பெற்றோல் இல்லாத வருடத்தில் வளர்ந்த ஓர் அமைப்பு: மலையகத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, மனவடுப்பட்டவர்களுக்கு உளவளத்துணை கொடுத்து வந்த ஒரு சிறிய அமைப்பைப் பற்றியது இந்த ஆய்வு. 2022ஆம் ஆண்டு பிறந்தபோது அங்கே சம்பளத்துக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். ஆண்டு முடியும்போது மூன்று பேர். வாகனம் ஓடவில்லை. அலுவலகம் பல நாள் திறக்கவில்லை. நிதி கொடுத்தவர்கள் நடுவழியில் திட்டத்தையே மாற்றச் சொன்னார்கள். அதே வருடத்தில்தான் அந்த அமைப்பு கொழுந்து பறிக்கும் பெண்களிடம் உண்மையாகவே போய்ச் சேர்ந்தது. அது எப்படி நடந்தது, அந்த வளர்ச்சிக்கு யார் கைக்காசும் தூக்கமும் செலவானது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அமைப்பின் பெயரையும் தேயிலைத் தோட்டங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒருவரைப் பற்றி இரண்டு அடையாளம் சொன்னால் போதும், ஆள் யாரென்று பக்கத்துத் தோட்டம் வரைக்கும் தெரிந்துவிடும். அதனால் ஆட்களின் விவரங்களும் மாற்றப்பட்டிருக்கின்றன. நான் அந்த அமைப்பில் சம்பளம் வாங்கியவன் அல்லன். பிற்பாடு அவர்களுடைய வேலையை மீளாய்வு செய்யக் கூப்பிடப்பட்டவன்.

மாடி அறையும் அங்கே வராதவர்களும்

மலையகத்தில் மனவடு என்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் ஒரு பெரிய சம்பவத்தைத் தேடுவார்கள். சம்பவங்களுக்குக் குறைவில்லை. தமிழருக்கு எதிரான 1977, 1981, 1983 வன்செயல்கள் இருக்கின்றன. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது இருக்கிறது. ஆனால் அந்த மாடி அறைக்கு வந்தவர்களில் ஒற்றைச் சம்பவத்தோடு வந்தவர்கள் சிலர்தான். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானதே, அந்தக் கணக்கில் நீலகிரிக்குப் போன அண்ணனின் கடிதம் எந்த வருடம் நின்றது என்று இன்னும் நினைவு வைத்திருக்கும் ஒரு பாட்டி வந்தார். தாய் மத்திய கிழக்குக்குப் போய், அப்பாயியிடம் வளர்ந்து, தாய் திரும்பி வந்தபோது அவரை யாரென்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்த ஒரு பையன் வந்தான். குடித்துவிட்டு அடிக்கும் கணவனை விட்டுப் போக வேறு வீடில்லாத பெண்கள் வந்தார்கள். லயத்து அறை தோட்டத்துடையது. வேலைக்குப் பதிந்த பேரோடு ஒட்டியது.

அமைப்பின் மூத்த ஆலோசகர்கள் இருவரும் வடக்கில் பயிற்சி பெற்றவர்கள். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றின் வழியே, போரும் பேரழிவும் தனி ஆளை மட்டும் தாக்குவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குலைக்கின்றன என்ற பார்வை அவர்களுக்கு இருந்தது. அது மலைக்கும் பொருந்தும். பொருந்தாத இடம் ஒன்றும் இருந்தது. வடக்கில் பேசும்போது 'சண்டைக்கு முன்னம்' என்று ஒரு காலத்தைச் சொல்ல முடியும். திரும்பிப் பிடிக்க ஒரு பழைய வாழ்க்கை உண்டு. இங்கே அதே லயம், அதே சரிவு, அதே கங்காணி. காயம் ஆறுவதற்கு முதலில் அது படுவது நிற்க வேண்டுமே. இந்தச் சிக்கலை அமைப்பு 2022க்கு முன்பே உணர்ந்திருந்தது என்றாலும், அதற்கு ஏற்ற வேலைமுறை அவர்களிடம் இருக்கவில்லை.

இருந்தது வழக்கமான முறை. பாடசாலையிலிருந்தும் வைத்தியசாலையிலிருந்தும் பொலிசிலிருந்தும் ஆட்களை அனுப்புவார்கள். மாடியேறி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். மாதத்துக்கு ஒரு செயலமர்வு. அதற்கு ஒரு ஃபைல், ஒரு பேனை, ஒரு சோற்றுப் பார்சல். வந்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், நகரத்துக் குடும்பங்கள், முன்பள்ளி நடத்துபவர்கள். மலைக்குப் போகிற பெண்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு அலுவலக அறிக்கைகள் 'விழிப்புணர்வு போதாமை' என்று எழுதின. அப்படியெல்லாம் இல்லை. 2021 மார்ச்சில் வேதனச் சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அப்புறம் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் கூடியது. கொழுந்தின் நிறுவை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். ஒரு நாள் டவுனுக்குப் போனால் முழுப்பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு, 'அவளுக்கு மண்டையில ஏதோ கோளாறாம்' என்ற பேச்சு மட்டும் வீடு வந்து சேரும். இதில் விழிப்புணர்வு எங்கே குறைந்தது?

டொலர், மாவு, பட்டியல்

2022 மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கியது. டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். தோட்டத்தில் இந்தப் புள்ளிவிவரத்துக்கு அர்த்தம் கோதுமை மாவு. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போக ரொட்டி, பல வீடுகளில் இராத்திரிக்கும் ரொட்டி. மாவு விலை ஏறினால் மூன்று வேளையும் சேர்ந்து ஆடும். அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் கொழுந்தும் குறைந்திருந்தது. நிறுவையும் இல்லை, மாவும் இல்லை.

டொலரில் நிதி வாங்கிய பெரிய அமைப்புகளுக்கு ரூபாக் கணக்கில் அந்த வருடம் லாபம்கூட வந்தது. இவர்களுடைய ஒப்பந்தம் ரூபாவில். வாடகை, பஸ் கட்டணம், தொலைபேசி எல்லாம் ஏற, கையில் இருந்த தொகை அப்படியே இருந்தது. ஏப்ரல் மாதத்தில் நிதி தருபவர்களிடமிருந்து கடிதம்: உளவளத்துணைக்கான மீதிப் பணத்தை உலர் உணவுப் பொதிகளுக்கு மாற்றலாமா? பசித்திருக்கிறவனிடம் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதா என்று உள்ளேயும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

மாற்றினார்கள். முதல் தோட்டத்திலேயே பட்டியல் பிரச்சினை வந்தது. அரிசி, பருப்பு, மாவு அடங்கிய பொதி எல்லா வீட்டுக்கும் போதாது. 'மிகவும் பாதிக்கப்பட்டவர்கள்' என்று பாதிப் பேரைத் தெரிவு செய்ய வேண்டும். யார் தெரிவு செய்வது? தொழிற்சங்கத் தலைவர் ஒரு பட்டியல், கிராம உத்தியோகத்தர் இன்னொன்று, தோட்டக் காரியாலயம் மூன்றாவது. பொதி கொடுத்த அன்று மாலை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது இரண்டு வீடுகளுக்குள் வந்த சண்டை, பிள்ளைகள் ஒன்றாய்ப் பாடசாலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டது. மனக்காயம் ஆற்றுகிறோம் என்று பெயர்ப்பலகை வைத்த அமைப்பு புதுச் சண்டையை மூட்டிவிட்டு வந்தது.

இரண்டாவது தோட்டத்தில் பட்டியலைத் தாங்கள் போடுவதில்லை என்று சொன்னார்கள். பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேட்டார்கள். அவர் பெயர் எதையும் எழுதவில்லை. 'பொதியைப் பிரிச்சிருவோம். எல்லாருக்கும் கொஞ்சம். கர்ப்பிணிக்கும் பால்குடிக்கிற பிள்ளை உள்ள வீட்டுக்கும் ரெண்டு பங்கு' என்றார். ஞாயிற்றுக்கிழமை மடுவத்துத் தரையில் சாக்கை விரித்து, தேங்காய்ச் சிரட்டையால் அளந்து பங்கு வைத்தார்கள். நிதி தந்தவர்களின் படிவத்தில் இதற்கு இடமே இல்லை: ஒரு பொதிக்கு ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட நிதி உத்தியோகத்தர் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் அந்தப் பங்கு வைத்த ஞாயிறில்தான் பெண்கள் முதல் முறையாக உட்கார்ந்து பேசினார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். பருப்பு அளந்துகொண்டே ஒருத்தி, 'எனக்கு மூணு மாசமா ராத்திரி தூக்கம் இல்ல அக்கா' என்றாள். இன்னொருத்தி நிமிராமலே, 'எனக்கு மட்டும் என்ன?' என்றாள்.

வண்டி நின்றது, வேலை நகர்ந்தது

ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லையென்று அரசாங்கம் இரண்டு வார அறிவிப்பு விட்டது. நகரத்துப் பாடசாலைகளை மூடினார்கள். அமைப்பின் ஆலோசகர்கள் தோட்டங்களுக்குப் போய்வர வழியில்லாமல் போனது. அவர்களில் இளையவர், திருமணமாகாத ஒரு தங்கச்சி, மடுவத்து அக்காவின் தோட்டத்தில், மேற்பிரிவில் உறவுக்கார ஆசிரியை ஒருவரின் குவார்ட்டர்ஸில் தங்கிக்கொள்வதாகச் சொன்னார். சில நாளைக்கு என்று போனவர் ஆவணி முடியும்வரை அங்கேயே இருந்தார்.

என் கணிப்பில் இந்த ஆய்வின் மையம் அதுதான். அதுவரை தோட்டத்துக்கு 'மேடம்' வந்தார், பேசினார், நாலு மணி பஸ்சுக்குப் போனார். இப்போது அதே ஆள் பீலியில் குடத்தோடு வரிசையில் நிற்கிறார், விறகு பொறுக்குகிறார், மழைக்கு ஒழுகும் தகரத்தைப் பற்றி மற்றவர்களைப் போலவே புலம்புகிறார். மேடம் போய் 'மிஸ்' ஆகி, அப்புறம் 'தங்கச்சி' ஆனார். அவர் ஒற்றை ஆளாக எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? அதனால் தான் கற்றதைக் கைமாற்றத் தொடங்கினார். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது: மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத சாதாரண ஆட்களே பயிற்சி பெற்று, வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகளில் கொடுக்கக்கூடியது. பதற்றத்தைத் தணிக்கும் மூச்சு, தீர்க்கக்கூடிய பிரச்சினையைத் துண்டு துண்டாக எடுத்துத் தீர்ப்பது, கைவிட்ட அன்றாட வேலைகளை மீண்டும் பிடிப்பது, தனிமையை விட்டு ஆட்களோடு சேர்வது. பயிற்சி இல்லாமல் அதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. மேலிருந்து ஒருவர் தொடர்ந்து வழிகாட்டவும் வேண்டும். தங்கச்சி பக்கத்திலேயே இருந்ததால் அந்த வழிகாட்டல் தினமும் கிடைத்தது. நகரத்தில் இருந்த மூத்தவர் தொலைபேசியில். அதுவும் மின்சாரம் இருக்கும் நேரம், சிக்னல் கிடைக்கும் மூணாவது வளைவுக்குப் போய்.

மடுவத்து அக்காவும், இன்னும் ஐந்தாறு பெண்களும் கற்றுக்கொண்டு துணையாளர்கள் ஆனார்கள். தனியாகப் பேச இடம் தேடியதுதான் பெரும்பாடு. லயத்தின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இந்த அறையில் இருமினால் மூன்று அறை தள்ளிக் கேட்கும். கோவில் திண்ணையில் ஆண்கள். கடைசியில் பிள்ளை மடுவம்தான், பிள்ளைகளைக் கூட்டிப் போன பிறகு, இருட்டும் முன்னான அந்த ஒரு மணித்தியாலம். சம்பளம் போடும் பத்தாம் திகதியும் முற்பணம் கொடுக்கும் இருபத்தைந்தாம் திகதியும் அமர்வு கிடையாது. அந்த இரவுகளில் யார் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், பெண்கள் வீட்டை விட்டு நகர மாட்டார்கள்.

மழைக்கு விழித்திருந்த அக்கா

ஒருவருடைய கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அமைப்பின் போக்கையே அது திருப்பியது.

நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. லயத்தின் தொங்கல் வீடு, கடைசி வீடு, அவருடையது. வீட்டுக்குப் பின்னால் உடனே மண் மேடு. பல வருடத்துக்கு முன் வேறொரு தோட்டத்தில் சரிவில் தங்கையின் குடும்பத்தை இழந்தவர். மழை பெய்தால் படுக்க மாட்டார். பிள்ளைகளை உடுப்போடும் செருப்போடும் தூங்க வைப்பார். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் ஒரு சிலுசிலுப் பையில் சுற்றி, கதவுக் கொக்கியில் மாட்டி வைத்திருப்பார். விடியும்வரை இஸ்தோப்பில், முன் விறாந்தையில், குந்திக்கொண்டு மண்ணின் சத்தம் கேட்பார். காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவார். தூக்கக் கலக்கத்தில் நிறுவை குறையும், அரைப்பேர். கணவர் கேலி செய்வார், குடித்த நாளில் பையைத் தூக்கி எறிவார். கோடாங்கியிடம் குறி கேட்டாயிற்று, தாயத்தும் கட்டியாயிற்று.

பாடப்புத்தகத்தின்படி இது தெளிவான விஷயம்: பழைய பயம், இப்போதைய ஆபத்தில்லாத சூழலிலும் எழுந்து ஆட்டுகிறது, பாதுகாப்பாக இருக்கிறாய் என்று உடம்புக்குப் படிப்படியாகப் புரிய வை. தங்கச்சி அப்படித்தான் தொடங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது மேட்டில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பாதுகாப்பாக இருக்கிறாய் என்று எந்த வாயால் சொல்வது?

அக்காவின் பயத்தில் பாதி பழசு, பாதி நிஜம். குழுவில் இதைப் பேசியபோது ஒரு பெண், 'அப்ப அவ மட்டும் ஏன் முழிச்சிருக்கணும்? முறை போடுவோம்' என்றாள். அதுதான் திருப்பம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழை அளவுகளை வைத்திருக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். பெரிய சோடாப் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல் போட்டு, மட்டமாக நிற்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் பூச்சியம் என்று கோடு கிழித்தார்கள். அதற்கு மேல் பிள்ளைகளின் அடிமட்டத்தை வைத்து 75, 100, 150. தகரத்துத் தண்ணீர் விழாத வெளியில் ஒரு கம்பில் கட்டினார்கள். கனமழை இரவுகளில் இரண்டு வீடுகள் முறை வைத்துப் பார்க்கும். கோடு தாண்டினால் கோவில் மணி. எல்லோரும் பாடசாலைக் கட்டடத்துக்கு.

மூச்சுப் பயிற்சியும் நடந்தது, ஐந்து அமர்வுகளும் நடந்தன. தங்கையைப் பற்றி அவர் நான்காவது அமர்வில், யாரும் கேட்காமலே பேசினார். ஆனால் தூக்கம் வரத் தொடங்கியது தன் முறை இல்லாத இரவுகளில். வேறொருவர் விழித்திருக்கிறார் என்ற நினைப்பில் படுத்திருக்கிறார். மேட்டு வெடிப்பைப் பரிசோதிக்கச் சொல்லிக் குழு ஒரு கடிதம் எழுதி, தோட்டக் காரியாலயத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கொடுத்தது. உளவளத்துணை அமைப்பு மண்சரிவுக் கடிதம் எழுதலாமா என்று நிர்வாகக் குழுவில் விவாதம் நடந்தது. எழுதாமல் அந்தப் பெண்ணுக்கு என்ன துணை செய்திருக்க முடியும் என்று நான் கேட்பேன்.

ஓட்டோக்காரர்களும் மாத்திரையும்

ஆண்கள் அமர்வுக்கு வரவில்லை. 'பொம்பளைங்க கூட்டம்' என்று ஒதுங்கினார்கள். அவர்களில் முதலில் உள்ளே வந்தவர்கள் ஓட்டோக்காரர்கள், அதுவும் பேசுவதற்காக அல்ல. ஆகஸ்டில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த மாதத்தில் ஓர் இரவு, கீழ்ப்பிரிவில் ஓர் இளைஞன் தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றான். வண்டி கிடைக்கக் கண்ட பாடு கொஞ்சமல்ல. பிழைத்துக்கொண்டான். மறுவாரம் மடுவத்து அக்கா ஓட்டோக்காரர்களைக் கூப்பிட்டு, திட்டிவிட்டு, முறை போட்டார்: ஒவ்வொரு வாரமும் ஒருவர் இரண்டு லீற்றரைத் தாங்கியில் மிச்சம் வைக்க வேண்டும், இரவில் கூப்பிட்டால் வர வேண்டும். அந்த இளைஞன் வீடு திரும்பிய பிறகு அவனை வாராவாரம் கிளினிக்குக் கூட்டிப் போனதும் ஓர் ஓட்டோக்கார அண்ணன்தான். வழியில் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

தற்கொலையைப் பற்றி இலங்கைக்கு ஒரு பெரிய பாடம் உண்டு. 1995இல் நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் நின்றது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்த பிறகு அது பெரிதாக இறங்கியது. ஆபத்தான நொடியில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் மிஞ்சும். குழு இதைப் பிடித்துக்கொண்டு, காய்கறித் தோட்டம் வைத்திருந்த வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல்களைப் பூட்டி வைக்கச் சொல்லி வீடு வீடாகப் போனது. தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசியான 1926 இலக்கத்தை மடுவத்துக் கதவில் பெயின்ட்டால் எழுதியது. இரண்டும் காசு செலவில்லாத வேலை.

காசு வேண்டியிருந்தது மாத்திரைக்கு. வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு மனநல மருந்துகளையும் விடவில்லை. கிளினிக்கில் துண்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்னார்கள். பல வருடமாக மாத்திரையில் நிதானமாக இருந்தவர்கள் அரை மாத்திரையாக்கி, ஒன்றுவிட்டொரு நாளாக்கி, பிறகு நிறுத்தி, மீண்டும் நோயில் விழுந்தார்கள். அமைப்பு அந்த வருடம் செய்தவற்றில் மிகப் பயனுள்ளது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் அமர்வுகளைச் சொல்ல மாட்டேன். வாரம் ஒருவர் ரயிலில் கண்டிக்குப் போய், வைத்தியர் எழுதிய துண்டுகளைச் சேர்த்து மருந்து வாங்கி வந்ததைச் சொல்வேன். அறிக்கையில் அது 'இதர செலவு' என்ற தலைப்புக்குள் கிடக்கிறது.

மாசியில் இன்னொன்று நடந்தது. 2023இல் தோட்டத்தில் காமன் கூத்து வைப்பதா வேண்டாமா என்று பேச்சு. வரி பிரிக்க யாரிடமும் காசில்லை. வைத்தார்கள், சிக்கனமாக. காமன் எரிந்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கும் இடத்தில், வேஷம் கட்டிய ஆளோடு சேர்ந்து சுற்றி நின்ற ஆண்களில் பலர் வாய்விட்டு அழுதார்கள். நகரத்திலிருந்து வந்திருந்த மூத்த ஆலோசகருக்கு ஆசை பிறந்தது: இதை ஒரு சிகிச்சை நிகழ்ச்சியாக ஆக்கி, தோட்டந்தோட்டமாகக் கொண்டு போனால் என்ன? கூத்து மாஸ்டரிடம் கேட்டார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, 'அது சாமி காரியம் சேர், மாசியில மட்டும்தான்' என்றார். அதோடு சரி. அந்த மறுப்பு நல்லதாயிற்று என்பது என் எண்ணம். மக்களிடம் இருப்பதையெல்லாம் திட்டமாக்கி வரவு செலவுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

கசந்த பக்கம்

ஒரு பெண் அமர்வில் சொன்னது பீலிக்கு வந்து சேர்ந்தது. யார் வாய் நழுவியது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பெண் திரும்ப வரவில்லை, அவளோடு வந்த இருவரும் நின்றார்கள். நகரத்து மாடி அறையில் இப்படி நடந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரியே துணையாளராக இருப்பதில் உள்ள பலம் எதுவோ, பலவீனமும் அதுதான். இதன் பிறகு, வேறு பிரிவில் உள்ள துணையாளரைக் கேட்டுப் பெறலாம் என்று வழி செய்தார்கள். நடந்து போகத் தூரம் என்பதால் சிலர்தான் அதைப் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது கூலி. துணையாளர்கள் அந்த வருடம் முழுக்கச் சும்மா வேலை செய்தார்கள். காலையில் மலை, மாலையில் சமையல், இடையில் மற்றவர்களின் அழுகை. மடுவத்து அக்காவுக்குக் கார்த்திகை மாதத்தில் நெஞ்சு படபடப்பும் தலைச்சுற்றும் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டார். அப்போதுதான் நிர்வாகம் விழித்தது. அன்றைக்கு நாளுக்கு 1,000 ரூபாவுக்கு உழைத்த பெண்ணிடம் 'தொண்டு' கேட்பது எவ்வளவு எளிது என்பதைக் கொழும்பில் அறிக்கை வாசிப்பவர்கள் யோசிக்கமாட்டார்கள். 'சமூகமே முன்வந்து பொறுப்பேற்றது' என்று அந்த வருட அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. பொறுப்பேற்றது உண்மை. வேறு யாரும் ஏற்க இல்லாததால் ஏற்றார்கள் என்பதும் உண்மை.

2023 நடுப்பகுதியில் நிதி திரும்ப வந்தது. துணையாளர்களுக்கு மாதப்படி கொடுக்க முடிவானது. ஆனால் மூன்று பேருக்குத்தான் போதும். இருந்தவர்கள் ஏழு பேர். மறுபடியும் பட்டியல்! மாவு விஷயத்தில் கற்றதை மறக்காத பெண்கள், மூன்று பேரின் படியை ஏழாகப் பிரித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். நிதிக் கட்டுப்பாடு இடம் கொடுக்கவில்லை. மூன்று பேர் நியமனக் கடிதம் வாங்கினார்கள், இரண்டு பேர் விலகினார்கள், மீதி இருவர் முன்போலவே படியில்லாமல் வருகிறார்கள். மேற்பிரிவில் குழு நிலைத்தது, கீழ்ப்பிரிவில் கலைந்தது. மீளாய்வில் நான் சொன்ன முதல் பரிந்துரை, படியை ஆளுக்கு ஒதுக்காமல் அமர்வுக்கு ஒதுக்க வேண்டும் என்பது. அப்போதுதான் வேலை செய்கிற எல்லோருக்கும் கூலி போகும்.

டித்வாவுக்குப் பிறகு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை மலையகத்தைப் புரட்டிப் போட்டது. நாடு முழுக்க 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகளால் பெரும் சேதம். பாதைகள் மூடின, தொலைபேசி செத்தது. நகரத்து அலுவலகத்திலிருந்து மேற்பிரிவுக்குப் போக நாள் கணக்கில் வழியில்லை. கோவில் மணி அடித்து ஆட்களைப் பாடசாலைக்கு நகர்த்தியவர்கள் துணையாளர்கள்தான். மூன்று வருடத்துக்கு முன்பு கட்டிய போத்தல் அப்போது இருக்கவில்லை. யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள். கையை நீட்டி மழையைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். கலைந்துபோன கீழ்ப்பிரிவில் ஆட்கள் தாங்களாகவே, தாமதமாக, இருட்டில் நகர்ந்தார்கள்.

டிசம்பரில் முகாம்களுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஒரு குழு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, அன்றிரவு என்ன பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தது. அழிவு நடந்த உடனே எல்லோரையும் ஒரே அமர்வில் கொட்டிச் சொல்ல வைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. துணையாளர் ஒருவர் நடுவில் போய், 'இப்ப வேணாங்க, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம்' என்று எழுப்பிக் கூட்டிப் போனார். அவர்கள் கற்றிருந்தது உளவியல் முதலுதவியின் சுருக்கமான ஒழுங்கு: முதலில் சூழலைப் பார், அப்புறம் சொல்ல வருவதைக் கேள், பிறகு வேண்டிய உதவியோடு இணை. உதவி என்பது அங்கே உலர்ந்த போர்வை, தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பம், இழந்தவர்களின் ஈமச்சடங்குக்கு ஐயரைத் தேடுவது.

அமைப்பு இப்போது பெரிதாகியிருக்கிறது. ஆட்கள் கூடியிருக்கிறார்கள், வாகனம் இருக்கிறது, பதுளைப் பக்கமும் வேலை தொடங்கியிருக்கிறது. அந்தத் தங்கச்சி இப்போது திட்ட இணைப்பாளர். மாதத்தில் அதிக நாள் கூட்டங்களில் போகிறது என்று குறைப்படுகிறார். புதிய மாவட்டத்துக்கான திட்ட வரைவில் ஆலோசகர்கள் தோட்டத்திலேயே தங்குவதற்கு ஒரு வரி ஒதுக்கீடு கேட்டு எழுதியிருந்தார். 'போக்குவரத்துச் செலவு ஏற்கெனவே உள்ளதே, தங்குமிடம் எதற்கு?' என்று நிதி தருபவர்களிடமிருந்து குறிப்பு வந்திருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அமர்வுக் கணக்கில் படி கொடுக்கும் பரிந்துரை இன்னும் நிர்வாகக் குழுவின் மேசையில் இருக்கிறது. மேற்பிரிவுப் பெண்கள் கேட்டிருப்பது வேறு: ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை மடுவத்தின் திறப்பைத் தங்கள் கையில் தரும்படி தோட்டத் துரைக்கு அமைப்பு ஒரு கடிதம் எழுத வேண்டும்.